குதிரில் ஒளித்த இறக்கை

கண்ணு,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "அவள அனுப்பு" என்று ஒரு வார்த்தை, அதோடு கட். பேசுகிறவளின் பேச்சை நடுவில் நிறுத்திவிடலாம், எழுதி வைத்ததை என்ன செய்வாய்? அதனால்தான் கடையை உன் நைனாவிடம் விட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்னே பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. பாத்திரக்கடையே வைத்திருந்தாலும் ஊர் வாயை மூட நம்மிடம் உலைமூடி கிடையாது. செஞ்சிக் கடைத்தெரு முழுக்க விஷயம் போய்விட்டது. ஆகவே பிள்ளை பெற்ற எந்தத் தாய் இதைப் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் நீ கேட்க வேண்டியதை, நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பவானி நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவதாக நைனாவிடம் சொல்லியிருக்கிறாய். அவரும் "வாடா, வந்து கூட்டினு போ" என்று சொல்லிவிட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வருவதற்கு முன்னால் இதைப் படி, அவ்வளவுதான். நீ சின்னப் பையனாக இருந்தபோது நான் சொன்ன ஒரு கதையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது, இந்த அம்மாவுக்குக் கதை கேட்கிறதா என்று உனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரட்டும். உன் கோபம் எனக்குப் புதிதா என்ன, அது என்னிடமிருந்து வந்ததுதானே.

பனமலை ஏரிக் கதையைச் சொல்கிறேன். கரண்ட் போனால் போதும், மெழுகுவத்தியை நான் தேடுவதற்குள் நீ மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவாய். லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து உனக்குப் படித்துக் காட்டிய வெளிநாட்டுக் கதைகள் எத்தனையோ உண்டு. தவளையாகச் சபிக்கப்பட்ட ராஜகுமாரன், திறக்கக்கூடாத அறை, கண்ணாடி மலை எல்லாம் கேட்பாய். கேட்டுவிட்டு, "இது போதும், ஏரிக் கதை சொல்லு" என்பாய். அது நான் எங்கேயோ கேட்டது. ஏரியும் மலையும் மட்டும் நான் சேர்த்தவை. பனமலைக்கு உன்னைக் கூட்டிப்போய் அந்தக் கரையைக் காட்டியிருந்தேன், அதனால் நீ அதை நடந்த கதை என்றே நம்பினாய்.

முதல் மழைக்கு ஏரி நிரம்பியதும் வானத்திலிருந்து ஏழு பெண்கள் இறங்கி வருவார்கள். இறக்கையைக் கழற்றிக் கரைப் பாறையில் வைத்துவிட்டு ஏரியில் இறங்கிக் குளிப்பார்கள். ஆடு மேய்க்கிறவன் ஒருவன் புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, எல்லாரிலும் சின்னவளின் இறக்கையை எடுத்து ஒளித்துவிடுவான். ஆறு பேர் பறந்துவிடுவார்கள். இவள் கரையெல்லாம் தேடித் தேடி அழுவாள். அப்போது அவன் ஒன்றும் தெரியாதவன் போல வந்து, தோளில் கிடந்த துண்டைக் கொடுத்து, "அழாதே, என் வீட்டுக்கு வா" என்பான். அவள் போவாள். வேறு எங்கே போவாள்? சமைத்தாள், நாற்று நட்டாள், இரண்டு பிள்ளை பெற்றாள். இறக்கை வீட்டுக்குள்ளேயே, நெல் கொட்டி வைக்கிற குதிரின் அடியில் கிடந்தது. ஒரு வருஷம் மழை பொய்த்தது. நெல் குறைந்துகொண்டே வந்தது. அடியில் கிடந்த கடைசி நெல்லை வழித்தெடுக்கச் சின்னப் பிள்ளையைக் குதிருக்குள் இறக்கிவிட்டாள். "அம்மா, இங்க என்னமோ மெத்துனு இருக்குது" என்றது குழந்தை. அவன் மேய்ச்சலிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு பிள்ளைகளும் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நீ அழுவாய். தேம்பித் தேம்பி, மூக்கெல்லாம் ஒழுக அழுவாய். பிள்ளைகளுக்காக அழவில்லை, அவனுக்காக அழுதாய். "பாவம்மா அவன், தனியா ஆயிட்டான்" என்பாய். நீ தூங்க வேண்டுமே என்று நான் முடிவை மாற்றிவிடுவேன். அவள் மனசு கேட்காமல் மறுநாளே திரும்பி வந்துவிட்டாள் என்று சொல்லி உன் கண்ணைத் துடைப்பேன். ஒருநாள் அந்தச் சமாதானமும் உனக்குப் போதவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் வச்ச எடம் சரியில்லம்மா. நெல்லு கொறைஞ்சா தெரிஞ்சிடும் இல்ல? வேற வீட்ல குடுத்து வச்சிருக்கணும்" என்றாய். ஐந்து வயசுப் பிள்ளை! என்ன மூளை பார், என்ன மூளை பார் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. வக்கீல் ஆவான் என்றார் எதிர்க்கடைக்காரர். நான் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலையில் கடையைத் திறந்து, குடங்களை வெளியே அடுக்கி, உன் நைனா ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பவானி, கையில் ஒரே ஒரு பையோடு நடந்து வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடை முன்னால் நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கடை வாசலில் நிற்கிற அந்த ஸ்கூட்டரைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் எவர்சில்வர் குடம் கட்டி, சீட்டின் மேல் இட்லிப் பானை வைத்து, உன் நைனா அதை ஒரு தள்ளுவண்டி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அவள் போய் அதன் கைப்பிடியைத் தொட்டாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, இந்த வண்டிய வித்துட்டேன்னு சொன்னாருங்க உங்க பிள்ள" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் நீ அந்த வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாயே, அன்றைக்கு என்ன சொன்னாய்? "அவ இப்பல்லாம் ஓட்டறதில்லம்மா. நைனாவுக்கு முட்டி வலிக்குது, இது இருந்தா கடைக்கு வந்துட்டுப் போவலாம்." எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? மகன் அப்பன் முட்டியை நினைத்துப் பார்க்கிறானே என்று நான் கண் கலங்கினேன். அந்த மனுஷன் இந்த வயசில் கோட்டை ரோட்டில் காலை ஊன்றி ஊன்றி வண்டி பழகினார். ஒரு ஆட்டின் மேல் ஏற்றப் பார்த்து, ஆட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். போன அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்டு வண்டியில் சாய்ந்து நின்றவரை நான்தான் போட்டோ பிடித்து, "பாரு உன் மாமா ஸ்டைல" என்று எழுதி பவானிக்கு அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை. நெட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் வண்டியைப் பார்த்துத்தான் கிளம்பி வந்திருக்கிறாள். கதையில் குதிருக்குள் இறங்கிய பிள்ளை நான்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதுமட்டுமா? குதிரும் நம்முடைய வீடுதான். வேறு வீட்டில் கொடுத்து வைக்கவேண்டும் என்று ஐந்து வயசில் சொன்னவன், வளர்ந்து சம்பாதித்து, சொன்ன மாதிரியே கொடுத்து வைத்திருக்கிறான். அன்றைக்குச் சிரித்த அதே வாயில் செவ்வாய்க்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பவானி சாவி கேட்டாள். சத்தம் போடவில்லை. உன் நைனா என்ன செய்வார்? அவருக்கு உன்னையும் விட்டுக்கொடுக்க முடியாது, எதிரில் நிற்கிற பெண்ணுக்கு முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லவும் முடியாது. "இன்னும் போணி ஆவலம்மா. மொதல் வியாபாரம் ஆவறதுக்குள்ள கடையிலேருந்து ஒரு பொருளைச் சும்மா குடுத்தா நாள் வெளங்குமா? உக்காரு" என்றார். கடைக்காரன் சாக்கு. அவள் சரி என்று உள்ளே வந்து பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தளவானூரிலிருந்து ஒரு அம்மா இட்லிப் பானை கேட்டு வந்தாள். நான் எழுந்திருக்கும் முன்னே பவானி எழுந்துவிட்டாள். பானையைத் தட்டிக் காட்டினாள், மூடி சரியாக உட்காருகிறதா என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள், விலையில் கொஞ்சம் குறைத்து, தட்டுகளைத் துணியில் துடைத்துக் கொடுத்து அனுப்பினாள். பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள். "மாமா, போணி ஆயிடுச்சு" என்றாள். உன் நைனா சட்டைப்பையைத் தடவினார், என்னைப் பார்த்தார், அப்புறம் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். நான் கொடுக்கவில்லை, அவர்தான் கொடுத்தார். இதற்காக நீ அவரைக் கோபித்துக்கொள்ளாதே. சாவி கேட்பவளுடைய வண்டி அது. கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற லேபில் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் அவள் வாங்கியது.

சாவி வாங்கினவள் ஏன் உடனே எங்கேயாவது போகவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகாமல் ஏன் மாமியார் வீட்டில் இருக்கிறாள் என்று நீ நைனாவிடம் கேட்டாயாம். நானும் கேட்டேன். "எங்க வீட்டுக்குப் போனா அடுத்த பஸ்லயே கூட்டினு வந்து உங்க பிள்ளகிட்ட விட்டுடுவாங்க அத்தை. இங்க இருந்தா, அவரு உங்களத் தாண்டித்தான வரணும்" என்றாள். இதைக் கேட்ட பிறகு நான் எப்படிக் கதவைத் திறந்துவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பேன், நீயே சொல்.

அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் நீ நம்பவேண்டும். அங்கே பெருங்களத்தூர் பக்கம் மழையில் வண்டியோடு சறுக்கி விழுந்தாளாமே, கையில் தையல் போட்டார்களாமே, எங்களுக்கு அது கூடச் சொல்லவில்லை நீங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளைவிட நீ அதிகமாக நடுங்கினாய் என்று சொன்னாள். நல்லது. வண்டி வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றாயாம். கொஞ்ச நாள் விட்டாய். விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை அது, உன்னால் எத்தனை நாள் முடியும்? வேலை போயிற்று. ரெஸ்ட் எடு என்றாய். காய்கறி போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது, எதற்குக் கடைக்குப் போகவேண்டும் என்றாய். மத்தியானத்தில் போன் போட்டு, "எங்க இருக்க, காட்டு" என்று வீடியோவில் பார்க்கிறாயாம். "அடிக்க மாட்டாரு அத்தை, திட்டக் கூட மாட்டாரு. நல்லாத்தான் பாத்துக்கிறாரு. எனக்குத்தான் மூச்சு முட்டுது. எங்கிட்டதான் எதுனா கோளாறா?" என்று என்னிடம் கேட்டாள். தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டாள். நீ குடிகாரனாக, கை நீட்டுகிறவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த மாதிரி ஆளை என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ நல்லவன். அந்த ஆடு மேய்க்கிறவனும் நல்லவன்தான். ஒரு நாள் கூட அவளை அடித்ததாகக் கதையில் இல்லை.

அதனால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணும்போதும் அதே நினைப்பு. இவ்வளவு நாளும் அந்தக் கதைக்கு என்ன அர்த்தம் என்று நினைத்திருந்தோம்? உன் நைனாவைப் பெற்றவள், "பாத்தியா, பொம்பளைக்கு எடம் குடுத்தா பறந்துடுவா" என்பாள். உன் நைனா, "பத்திரமா வைக்கத் தெரியல அவனுக்கு" என்பார். நான் அர்த்தமே சொன்னதில்லை, அழகான கதை என்று மட்டும் நினைத்தேன். ஆனால் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் எங்கே நின்று சொல்கிறோம் பார். புதருக்குள்ளே, அவன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொல்கிறோம். அதனால்தான் கேட்கிற பிள்ளையும் அவனுக்காக அழுகிறது. தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கிற அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் சொல்வதில்லை. அக்காமார் ஆறு பேரும் தலைக்கு மேலே வட்டமடித்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களே, பொழுது சாய்கிறதே என்று மனசில்லாமல் போயிருப்பார்களே, அதை நான் உனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தால் நீ யாருக்காக அழுதிருப்பாய்?

ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கிற ராட்சசன் கதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் ராட்சசன்தான், ஆளைத் தின்கிறவன்தான். ஆனாலும் அவன் ஒளித்து வைத்தது தன் உயிரை. அடுத்தவள் உயிரை எடுத்து ஒளிக்கவில்லை. திறக்கக்கூடாத அறை என்று ஒன்று வருமே, எல்லாச் சாவியையும் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் திறக்காதே என்பானே புருஷன், அவள் திறந்தது தப்பு என்றுதான் சின்ன வயசில் எனக்குச் சொன்னார்கள். நானும் உனக்கு அப்படியே சொன்னேன். அறைக்குள் ஒன்றுமில்லை என்றால் சாவியை ஏன் தனியாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும்? இந்தக் கதைகளையெல்லாம் பிள்ளையைத் தூங்கவைக்கிற கதை என்று எவன் சொன்னான்? யோசிக்க யோசிக்க எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நேற்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பவானியிடம் ஏரிக் கதையைச் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுக்கக் கேட்டாள். குதிர் வந்தபோதும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கதை முடிந்த பிறகு, "அவன் அவளக் கேக்கவே இல்லையா அத்தை?" என்றாள். எதைக் கேட்கவில்லை என்றேன். "இங்க இருக்கிறியான்னு. இறக்கைய கையில குடுத்துட்டு ஒரு தபா கேட்டிருந்தா, அவ இருந்தாலும் இருந்திருப்பா. ரெண்டு பிள்ள பெத்திருக்கிறாளே, பாசம் இல்லாமயா இருந்திருக்கும்?" என்றாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் பறந்தாள் என்பது தெரியும். அவளுக்கு அவன் மேல் ஆசை இருந்ததா இல்லையா என்று அவனுக்கே கடைசிவரை தெரியாமல் போயிற்று. ஒளித்து வைத்தவனுக்கு அது தெரிய வழியே இல்லை. தினமும் பக்கத்தில் படுத்திருக்கிறாள், அது விருப்பமா, வேறு வழி இல்லாததா என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? நீ மத்தியானத்தில் வீடியோ போட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தானோ என்று நினைத்தேன். எனக்கு உன் மேல் கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். உனக்கு நாலு வயசில் நான் உன் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு மண்டகப்பட்டில் என் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். கடைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று என் மனசில் விழுந்துவிட்டது. உன்னையும் தூக்கிக்கொண்டுதான் போனேன், உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. இருந்தும் அந்த நாட்களில் நீ என் முந்தானையைக் கையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாய். நைனாவை விட்டு வந்த மாதிரி இவள் நம்மையும் விட்டுப் போய்விடுவாள் என்று உனக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தால் அலறுவாய். நான் தண்ணீர் குடிக்க எழவேண்டும் என்றாலும் உன்னை எழுப்பவேண்டும். பாசம் பாசம் என்று அக்கம்பக்கம் மெச்சிக்கொண்டது. பெற்ற மனம் பித்து, நானும் மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் நைனா ஒருநாள் வந்தார். என் அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள், என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்க மாப்பிள்ளை என்றார்கள். நம் பக்கத்தில் அவ்வளவுதான் வழக்கம், பெட்டி வாசலுக்கு வந்துவிட்டால் பெண்ணும் பின்னால் வரவேண்டியதுதான். இவரோ, அவர்கள் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை, போட்ட பாயில் உட்காரவில்லை. "அவ இன்னா சொல்றான்னு கேக்கணும்" என்றார். என் சித்தப்பா சிரித்துவிட்டார், பொம்பளைப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டா செய்வார்கள் என்று. இவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "வர்றியா?" என்று கேட்டார். கோபமாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. நான் இப்போது வரமுடியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, காலிக் கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். ஊரே சிரித்தது. பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கி வைத்தார்கள். ஒரு மாதம் போல இருந்துவிட்டு நானே, யாரும் கூப்பிடாமல், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். அந்த மனுஷனிடம் ஆயிரம் குறை உண்டு, உனக்கே தெரியும். அந்த ஒரு நாளுக்காகத்தான் இன்னும் அவர் போடுகிற சத்தத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பெண்டாட்டிக்குச் சாவி கொடுத்ததற்கு என்னைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். "மருமவளுக்கு வண்டிய குடுத்துட்ட, மகனுக்கு இன்னா குடுக்கப் போற?" என்று எதிர்க்கடைக்காரரின் மனைவி முகத்துக்கு நேராகவே கேட்டாள். நான் கடைக்கு வந்த ஆளுக்குக் குடம் எடுத்துக் காட்டப் போய்விட்டேன். எனக்கும் பயம்தான் கண்ணு. அவள் போய்விட்டால் நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாய், நான் செத்த பிறகு உனக்கு யார் இருப்பார்கள் என்று நினைத்தால் சாவியைத் திரும்ப வாங்கி ஒளித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. தோன்றியதை மறைக்கமாட்டேன். எனக்கே அப்படித் தோன்றும்போது உனக்குத் தோன்றாதா? ஆனால் தோன்றுவது வேறு, செய்வது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்து அதிர்ச்சி அடையாதே. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற லேபில் பவானிக்கு வேலை கிடைத்துவிட்டது. நேற்றிலிருந்து போகிறாள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வயசானவர்களுக்கு ரத்தம் எடுத்து வருகிறாள். வேலை இப்போதைக்குத்தான் என்கிறாள். இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வந்து நிற்கும்போது அவள் வீட்டில் இருக்கமாட்டாள். போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்காதே. மத்தியானம் வருவாள், அதுவரை உட்கார்ந்திரு. உன் நைனா உன்னிடம் வண்டியைப் பற்றிப் புலம்புவார், முட்டியைத் தடவிக்கொள்வார், கேட்டுக்கொள். அவள் வந்ததும் வண்டிச் சாவியை அவள் கையிலிருந்து வாங்காமல், பையை எடு என்று சொல்லாமல், விற்றுவிட்டேன் என்று சொன்னது பொய் என்று முதலில் ஒத்துக்கொள். அப்புறம், வருகிறாயா என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்.

அவள் வருகிறேன் என்றால் இரண்டு பேரும் போங்கள், வண்டியும் உங்களோடு வரும். வரவில்லை என்றால் நீ உள்ளே வந்து சாப்பிடு. அன்றைக்கு என் கையால்தான் சாப்பிடவேண்டும், கோபித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறக்கூடாது. நீ என் பிள்ளை, அது எந்தப் பதிலாலும் மாறாது. ஆனால் உனக்காக நான் அவளிடம் பேசமாட்டேன். நயமாகச் சொல்லு, நீ சொன்னால் கேட்பாள் என்று என்னைத் தூது அனுப்பாதே.

இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு தாயாக எனக்குப் பொறுக்கவில்லை, அவளிடம் கேட்டுவிட்டேன். அவன் வந்து உன்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன சொல்வாய் என்று. ஆம் என்றோ இல்லை என்றோ வரும், வந்தால் உனக்குச் சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அப்புறம், "தெரியல அத்தை. இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல" என்றாள்.

அம்மா